பாஸ்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் இருக்கும் இன்ஜினியர் சங்கம். அதைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சிவில் படித்தவர்களுக்கு இந்தச் சங்கம் ஏற்கெனவே அறிமுகம்தான், பெயர் மட்டும் நினைவில் இருக்காது. சாயில் மெக்கானிக்ஸ், அதாவது மண் இயக்கவியல் பாடத்தில், மண் சரிவின் நிலைத்தன்மை பற்றிய பகுதியில், டெய்லர் ஸ்டெபிலிட்டி நம்பர் என்று ஒன்று வரும். பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நின்று அந்த வரைபடத்தை வாங்கிய தலைமுறை என்னுடையது. கோடுகள் பாதி அழிந்த அந்தத் தாளின் அடியில், பொடி எழுத்தில், "டெய்லர், 1937" என்றும் ஒரு ஜர்னலின் பெயரும் இருந்தன. ஏதோ பெரிய பல்கலைக்கழகத்து வெளியீடு என்று நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்துத்தான் சரியாகப் பார்த்தேன். பாஸ்டன் நகரத்துச் சிவில் இன்ஜினியர்கள் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக நடத்திய ஜர்னல் அது.

ஓர் ஊர்ச் சங்கத்தின் ஜர்னலில் வந்த கட்டுரை உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்துக்குள் எப்படிப் போனது என்று தேடப் போனதில் சேர்ந்தவைதான் இந்தக் கேள்விகளும் பதில்களும்.

சங்கம் எப்போது தொடங்கியது?

1848-ல். அமெரிக்காவின் மிகப் பழைய இன்ஜினியர் சங்கம் இதுதான். 1851-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முறைப்படி பதிவானது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் லாரி. ஸ்காட்லாந்தில் பிறந்து, இளவயதில் அமெரிக்கா வந்து ரயில்பாதை வேலைகளில் வளர்ந்தவர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் மறுபடி வருவார்.

1848-ல் அந்த ஊரில் அப்படி என்ன நடந்துகொண்டிருந்தது?

எல்லாமே நடந்துகொண்டிருந்தது. 1835-ல் மட்டும் பாஸ்டனிலிருந்து மூன்று ரயில்பாதைகள் திறந்தன: லோவெலுக்கு ஒன்று, வுஸ்டருக்கு ஒன்று, பிராவிடன்சுக்கு ஒன்று. 1848-லோ ஊருக்குத் தண்ணீர் வந்தது. அதுவரை கிணறும், ஜமைக்கா பாண்ட் என்ற குளத்திலிருந்து குடைந்த மரக்கட்டைக் குழாய்கள் வழியே வந்த தண்ணீரும்தான். ஊர் பெருகிக்கொண்டே போக, அது எந்த மூலைக்குக் காணும்? மேற்கே இருந்த கொச்சிச்சுவெட் ஏரியிலிருந்து செங்கல் கால்வாய் கட்டி, பம்பு இல்லாமல் சரிவிலேயே தண்ணீரைக் கொண்டுவந்தார்கள்.

அந்த வருடம் அக்டோபர் 25-ஆம் தேதி ஊரே நகர மைதானத்தில் கூடிவிட்டது. மைதானத்துக் குளத்தின் நடுவே குழாய். மேயர் மேடையில் நின்று, தண்ணீரைத் திறந்துவிடலாமா என்று கூட்டத்தைக் கேட்டார், கூட்டம் ஒரே குரலில் ஆமாம் என்றது. வால்வைத் திறந்ததும் தண்ணீர் ஏறக்குறைய 80 அடி உயரத்துக்கு எழும்பியது. நம்மூரில் முதல்முதலாகத் தெருக்குழாயில் தண்ணீர் வந்த நாளைப் பார்த்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால் கேளுங்கள், அந்தச் சந்தோஷம் புரியும்.

வடக்கே 25 மைல் தள்ளி லோவெல் என்ற ஜவுளி ஊர், ஆற்றுத் தண்ணீரால் ஓடும் ஆலைகள். அங்கே தலைமை இன்ஜினியராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிரான்சிஸ். நம்மூர் நீர்மின் நிலையங்கள் பலவற்றில் இன்றைக்கும் சுழலும் ஃபிரான்சிஸ் டர்பைன் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதை உருவாக்கியதும் அதே 1848-ஐ ஒட்டித்தான். அவர் 1850-ல் கால்வாயின் வாயில் பிரம்மாண்டமான மரக்கதவு ஒன்றைத் தொங்கவிட்டு வைத்தார், பெருவெள்ளம் வந்தால் இறக்குவதற்காக. ஊர் சிரித்தது, "ஃபிரான்சிஸின் கோமாளித்தனம்" என்று பெயரும் வைத்தது. இரண்டே வருடத்தில், 1852 ஏப்ரலில், நள்ளிரவு தாண்டி அந்தக் கதவைத் தாங்கிய இரும்புப் பட்டையை உளியால் வெட்டி அதை விழவைக்க வேண்டி வந்தது. ஊர் தப்பியது. 1936 வெள்ளத்திலும் அதே ஏற்பாடுதான் காப்பாற்றியது.

அப்போது இன்ஜினியர் ஆவதற்கு எங்கே படித்தார்கள்?

பெரும்பாலானோர் எங்கேயும் படிக்கவில்லை. வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி, நார்விச், ட்ராய் நகரத்து ரென்சலர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் இருந்தன. மற்றவர்கள் சர்வே குழுவில் சங்கிலி பிடிக்கும் பையனாகச் சேர்ந்து, அப்புறம் அளவுகோல் பிடித்து, அப்புறம் லெவல் பார்த்து, பத்து வருடத்தில் இன்ஜினியர் ஆனார்கள். கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்து மேஸ்திரி ஆகிற கதைதான்.

இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம் என்பது கௌரவத்துக்கு மட்டும் தேவைப்பட்ட ஒன்றல்ல. ஒருவர் கட்டிய பாலத்தில் என்ன தப்பு நடந்தது என்று இன்னொருவர் தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. ஒரு அறை, கொஞ்சம் புத்தகம், மாதம் ஒரு கூட்டம், அதில் ஒருவர் தன் வேலையைப் பற்றி வாசிக்கும் கட்டுரை. கல்லூரி இல்லாத குறையை ஓரளவுக்கு இது தீர்த்தது.

தேசிய அமைப்பு வந்த பிறகுதானே உள்ளூர்க் கிளை வரும்? இங்கே தலைகீழாக இருக்கிறதே?

ஆமாம், தலைகீழ்தான். அமெரிக்கச் சிவில் இன்ஜினியர்கள் சங்கம் 1852 நவம்பர் 5-ஆம் தேதிதான் பிறந்தது. நியூயார்க்கில், க்ரோட்டன் குடிநீர்க் கால்வாய்த் துறையின் அலுவலகத்தில், 12 பேர் கூடித் தொடங்கினார்கள். முதல் தலைவர் யார் தெரியுமா? நம்ம ஜேம்ஸ் லாரிதான். பாஸ்டனில் பழகிய கையோடு அங்கே போயிருக்கிறார்.

தேசிய அமைப்புக்கு ஊருக்கு ஊர் கிளை வேண்டும் என்ற எண்ணம் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அதன் முதல் உள்ளூர்க் கிளை 1905-ல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. அந்தக் கணக்கில் பாஸ்டன்காரர்கள் 57 வருடம் சீனியர்.

நடுவில் சங்கம் மூடிக் கிடந்தது என்கிறார்களே?

மூடவில்லை, தூங்கிவிட்டது. 1860-களில் உள்நாட்டுப் போர், ஆட்கள் சிதறிப்போனார்கள், கூட்டம் நின்றது. 1874-ல்தான் மறுபடி தூசி தட்டினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தேசிய அமைப்பும் 1855 முதல் 1867 வரை தூக்கம்தான். கூட்டத்துக்கு ஆள் வராத சங்கத்தில் செயலாளராக இருந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். நான் ஒரு சின்னச் சங்கத்தில் இரண்டு வருடம் அந்த வேலை பார்த்திருக்கிறேன். ஒருமுறை எட்டுப் பேருக்கு அறுபது போண்டா.

இதே ஊரில் மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி ஏன் இவ்வளவு வளர்ந்தது?

அந்த ஊரின் மண் அப்படி. பாஸ்டனின் பெரும்பகுதிக்கு அடியில் கனமான களிமண் அடுக்கு ஒன்று இருக்கிறது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம், அதனால் பாஸ்டன் நீலக்களிமண் என்றே பெயர். மண்ணையும் அடித்தளத்தையும் பற்றிய ஜியோடெக்னிக்கல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கதாநாயகன் மாதிரி அடிக்கடி வரும்.

அது போதாதென்று ஊரில் கணிசமான பகுதி கடலிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பிடுங்கிய நிலம். பேக் பே என்ற பகுதி ஒருகாலத்தில் அலை ஏறி இறங்கும் சேற்றுவெளி. 1850-களின் கடைசியில் தொடங்கி, ஒன்பது மைல் தள்ளி இருந்த நீடம் என்ற ஊரிலிருந்து ரயில் ரயிலாகச் சரளை கொண்டுவந்து கொட்டினார்கள். இரவு பகல் பார்க்காமல், நீராவியால் ஓடும் மண்வெட்டி எந்திரத்தால் அள்ளி நிரப்பிய வண்டிகள். பல வருடம் இப்படியே ஓடியது. இன்று அந்தப் பகுதியில் நடந்தால் அழகான செங்கல் வீடுகள்தான் கண்ணில் படும். கீழே சேறு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

அந்த வீடுகள் மரப் பைல்கள் மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக அடித்து இறக்கிய மரக்கம்பங்கள் மேல் நிற்கின்றன. 1877-ல் முடிந்த ட்ரினிட்டி தேவாலயத்துக்கு மட்டும் ஏறக்குறைய 4,500 மரங்கள். மரம் அழுகாதா என்று கேட்கலாம். தண்ணீருக்குள் முழுக்க மூழ்கி இருக்கும்வரை அழுகாது, அழுக வைக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். வம்பு எப்போது வரும் என்றால், நிலத்தடி நீர்மட்டம் இறங்கி பைலின் தலை காய ஆரம்பிக்கும்போது. சாக்கடைக் குழாயில் விரிசல் விட்டு நிலத்தடி நீர் அதற்குள் வடிந்தால்கூடப் போதும். 1929-ல் பொது நூலகக் கட்டடத்தில் விரிசல் கண்டு தோண்டிப் பார்த்தபோது பைல் தலைகள் மக்கிப்போய் இருந்தன. அழுகியதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தாங்கு கொடுத்தார்கள். நீர்மட்டத்தைக் கண்காணிப்பதற்கென்றே 1986-ல் நகரம் ஓர் அறக்கட்டளை அமைத்தது. நடைபாதையில் சின்ன இரும்பு மூடி போட்ட குழாய்க் கிணறுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அளவெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

காலடியில் இப்படி ஒரு மண் இருந்தால், கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சரி, பெரிய ஆட்கள் யார் யார் வந்தார்கள்?

1925-ல் கார்ல் டெர்சாகி எம்.ஐ.டி.க்கு (மாசசூசெட்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வந்தார், மண் இயக்கவியலின் தந்தை என்று நாம் மனப்பாடம் செய்கிறவர். 1929-ல் வியன்னாவுக்குப் போனவர் 1930-களின் கடைசியில் திரும்பி வந்து ஹார்வர்டில் சேர்ந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ஆர்தர் கசாகிராண்டே 1932-ல் ஹார்வர்டுக்குப் போனார். களிமண் எவ்வளவு ஈரத்தில் குழம்பாக ஆரம்பிக்கும் என்ற திரவ எல்லையைக் கண்டுபிடிக்கக் கைப்பிடியைச் சுற்றி டக்டக் என்று கிண்ணத்தைத் தட்டி, 25 தட்டு வருகிறதா என்று எண்ணுவோமே, அந்தக் கருவி இவருடையது. முதல் உலக மண் இயக்கவியல் மாநாடு 1936-ல் ஹார்வர்டில்தான் நடந்தது, நடத்தியவர் கசாகிராண்டே.

அதே 1936-ல், தளர்ந்த மணல் எந்த நிலையில் திடீரென்று பலமிழக்கும் என்று அவர் எழுதிய கட்டுரை சங்கத்தின் ஜர்னலில் வந்தது. மணல் குழம்பாகிப்போகும் பிரச்சினையைப் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அடுத்த வருடம் டெய்லர். 1940-ல், 1925 முதல் வந்த இத்தகைய கட்டுரைகளைத் திரட்டிச் சங்கமே ஒரு தொகுப்பு போட்டது. பிறகு மேலும் தொகுதிகள் வந்தன.

உலகப் புகழ் பெற்றவர்கள் ஏன் உள்ளூர் ஜர்னலில் எழுதினார்கள்? என் ஊகம் இது: துறை அப்போதுதான் பிறந்திருந்தது, அதற்கென்று தனி ஜர்னல்கள் கிடையாது. சங்கக் கூட்டத்திலோ, வாசித்து முடித்ததும் பைல் அடிக்கும் கான்ட்ராக்டரோ நகராட்சி இன்ஜினியரோ எழுந்து, "எங்கள் சைட்டில் இப்படி நடக்கவில்லையே" என்று கேட்பார். அந்தக் கேள்வி மதிப்புள்ளது.

டெய்லர் அப்படி என்ன செய்தார்? கொஞ்சம் புரியும்படி சொல்ல முடியுமா?

டொனால்ட் டெய்லர் எம்.ஐ.டி. ஆசிரியர். மண் சரிவு வளைந்த பாதையில் வழுக்கி விழும் என்பது ஏற்கெனவே தெரியும். எந்த வளைவில் விழும் என்று கண்டுபிடிக்க, வட்டம் வட்டமாகப் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். டெய்லர் அந்தக் கழுதை வேலை முழுவதையும் ஒருமுறை செய்து, முடிவுகளை ஒரே வரைபடத்தில் அடக்கிவிட்டார். இனி யாரும் வட்டம் போட வேண்டாம், ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். இந்தக் கட்டுரைக்குச் சங்கம் தன் டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பதக்கத்தைக் கொடுத்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு அடித்தளம் தோண்டுகிறீர்கள், ஈரமான களிமண். அதன் ஒட்டுத்தன்மை சதுர மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தாக வெட்டினால் டெய்லர் எண் 0.261. இருபதைப் பதினெட்டால் வகுத்து, வந்ததை 0.261-ஆல் வகுத்தால் 4.26. அதாவது 4.26 மீட்டர் ஆழத்தில் குழியின் சுவர் விழும் விளிம்பில் நிற்கிறது. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வேண்டும் என்றால் 2.84 மீட்டர்.

இதோடு நிறுத்திக்கொண்டு ஆளைக் குழிக்குள் இறக்கிவிடாதீர்கள். குழி ஓரத்தில் தரை காய்ந்து வெடிப்பு விட்டால், டெர்சாகியின் திருத்தப்படி அந்த 4.26 ஏறக்குறைய 2.97 ஆகிவிடும். ஒன்றரை மடங்கு பாதுகாப்போடு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஓரத்தில் ஜல்லி லாரி நின்றால் அதுவும் போச்சு. மழை பெய்த மறுநாள் குழி சரிந்து ஆள் புதையும் செய்தியை வருடா வருடம் படிக்கிறோம், அந்த இடங்களில் பலகை அடித்து முட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லையா?

தண்ணீரும் உண்டு. சார்லஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் அலை ஏறி இறங்கியதால் சேறு நாறியது. குறுக்கே அணை கட்டி நன்னீர் ஏரியாக்கலாமா என்று ஆராய்ந்து 1903-ல் விரிவான அறிக்கை எழுதியவர் ஜான் ஃப்ரீமேன். 1910-ல் அணை முடிந்தது. படகு ஓட்டுகிறவர்கள் படமெடுத்துப் போடும் அந்த அழகான நீர்ப்பரப்பு செயற்கையானது. ஃப்ரீமேன் இயந்திர இன்ஜினியர்களின் தேசியச் சங்கத்துக்கும் சிவில் இன்ஜினியர்களின் தேசியச் சங்கத்துக்கும் தலைவராக இருந்த அபூர்வப் பிறவி. இளம் இன்ஜினியர்கள் ஐரோப்பாவுக்குப் போய் நீரியல் ஆய்வுக்கூடங்களைப் பார்த்துவர அவர் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு பாஸ்டன் சங்கத்துக்கும் வந்தது.

சங்கத்தில் சேர்ந்தால் லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. அமெரிக்காவில் இன்ஜினியர் லைசென்ஸ் மாநில அரசின் வாரியம் தருவது, தேர்வு எழுத வேண்டும். சங்கம் வேறு, வாரியம் வேறு.

லைசென்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1919 ஜனவரி 15-ஆம் தேதி பாஸ்டனில் 50 அடி உயரமுள்ள வெல்லப்பாகுத் தொட்டி வெடித்து, பாகு அலையாகத் தெருவில் பாய்ந்து 21 பேர் இறந்தார்கள். தொட்டி கட்டும் வேலையை மேற்பார்வை பார்த்தவர் கணக்கு வழக்குப் பார்க்கும் ஆள், வரைபடம் படிக்கத் தெரியாதவர். தொட்டி ஒழுகியபோது, ஒழுகல் தெரியாமலிருக்கப் பழுப்பு நிறத்தில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இன்ஜினியர் கையெழுத்திட்ட கணக்கு இல்லாமல் கட்டட அனுமதி இல்லை என்ற கெடுபிடி அந்த ஊரில் வந்தது. எத்தனையோ வருடம் எத்தனையோ நல்ல கட்டுரை வாசித்த சங்கம் அதே ஊரில்தான் இருந்தது, ஆனால் கட்டுகிறவனைத் தடுக்கும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை.

இப்போது தனிச் சங்கமா, கிளையா?

1974-ல் கிளையானது. அதுவரை பாஸ்டனில் இரண்டு அமைப்புகள்: பழைய சங்கம் ஒன்று, தேசிய அமைப்பின் மாசசூசெட்ஸ் கிளை இன்னொன்று. இரண்டு சந்தா, இரண்டு கூட்டம், பெரும்பாலும் அதே முகங்கள். இரண்டையும் இணைத்தார்கள். இணைந்தது தேசிய அமைப்புக்குள்தான், ஆனால் பழைய பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. மற்ற கிளைகள் பலவற்றுக்கு மாநிலத்தின் பெயரோ ஊரின் பெயரோ இருக்க, இது இன்றைக்கும் "பாஸ்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கம்" என்று தொடங்கி, பின்னால் "கிளை" என்று ஒட்டிக்கொண்டு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. கல்யாணமான பிறகும் பிறந்த வீட்டு இனிஷியலை மாற்றாத மாதிரி. 1914-ல் தொடங்கிய ஜர்னலும் 1986-ல் புதுப் பெயரில் மறுபிறப்பு எடுத்தது.

சங்கத்தின் வயதைச் சொல்லும்போது தூங்கிய வருடங்களைக் கழிப்பார்களா?

மாட்டார்கள். 1848-லிருந்துதான் எண்ணுகிறார்கள். தேசிய அமைப்பும் தன் பன்னிரண்டு வருடத் தூக்கத்தைக் கழிக்காமல் 1852 என்றுதான் போட்டுக்கொள்கிறது. இரண்டு பேரும் கழித்தால் பாஸ்டன்காரர்களின் சீனியாரிட்டி கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன், அவர்கள் தூக்கம் சற்று நீளம். அதனால் இந்தக் கேள்வியை அங்கே கூட்டத்தில் எழுந்து கேட்காமல் இருப்பது நல்லது.